வியட்நாம் போகிறோம், அம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கணும்

கொக்கிரகுளத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வியட்நாம் போகிறேன். ஹனோய், ஹோய் ஆன், அப்புறம் ஹோ சி மின் நகரம், மொத்தம் ஒன்பது நாள். அம்மாவுக்கு 63 வயது. இதுவரை அவர் போன தூர ஊர் காசிதான்.

சுற்றுலாக்காரர்கள் வரும் இடங்களில் ஆங்கிலம் போதும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் போதும். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, வியட்நாமியமும் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒன்றுதான். எப்படியும் புதிதாகத்தான் படிக்க வேண்டும் என்றால், அந்த ஊர் மொழியிலேயே பத்து வார்த்தை சொல்லிக்கொடுத்தால் என்ன?

அம்மா யாரோடும் பேசாமல் ஒரு மணி நேரம் இருக்க மாட்டார். டவுன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால், விற்கிற ஆச்சியின் மகளுக்கு எப்போது பிரசவம் என்பது வரை கேட்டுவிட்டுத்தான் வருவார். ஒன்பது நாளும் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னால் அவருக்கு அது பயணமாகவே இருக்காது.

வெளிநாட்டில் அந்தந்த ஊர் மொழியைப் பேசிப் பழகியவர்கள் சொல்லுங்கள், எதிலிருந்து தொடங்கலாம்? அம்மா சைவம். அதற்கும் ஏதாவது வழி சொன்னால் நல்லது.

வள்ளியூர்க் காற்று எழுதியது:

தம்பி, உங்கள் ஆசை நல்லதுதான். ஆனால் ஒன்பது நாளுக்கு இது தேவையா என்று யோசியுங்கள். அந்த மொழியில் ஆறு தொனி. 'மா' என்ற ஒரே ஒலியை ஏற்றி, இறக்கி, உடைத்து, இழுத்து ஆறு விதமாகச் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள் வரும். 63 வயதில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

நான் ஜெர்மனிக்கு வேலையாகப் போனபோது முப்பது வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ரயில் நிலையத்தில் ஒருவரிடம் வழி கேட்டேன். கேள்வியை நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் பதிலை மழை மாதிரி கொட்டினார், ஒரு சொல் பிடிபடவில்லை. மொழி தெரிந்தவன் என்று நினைத்துத்தான் அவர் அவ்வளவு வேகமாகப் பேசினார். அன்றிலிருந்து போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத்தான் நம்புகிறேன். இப்போது தமிழிலேயே பேசினால் போதும், அது மாற்றிச் சொல்லிவிடும். அம்மாவுக்கும் அதுவே எளிது.

மேலப்பாளையம் ரியாத் எழுதியது:

வள்ளியூர் அண்ணாச்சி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சவூதியில் 17 வருடம் இருந்துவிட்டு வந்தவன்.

முதல் ஆறு வருடம் எனக்கும் அரபி தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'மாஃபி மாலூம்', 'மாஃபி முஷ்கில்', 'அனா ரோ', 'இன்த்த ரோ'. தெரியாது, பிரச்சினை இல்லை, நான் போறேன், நீ போ. வளைகுடாவுக்குப் போன எல்லாருக்கும் இது தெரியும். நம்ம ஆட்கள், வங்காளிகள், பாகிஸ்தானிகள், அரபிகள் எல்லாரும் சேர்ந்து வேலையிடத்துக்காக உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. சரக்கு இறக்க, ஏற்ற, சம்பளம் கேட்க அது போதும். ஆனால் அதில் ஒருவரை நலம் விசாரிக்க முடியாது. நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாரும் 'சதீக்' தான். சதீக் என்றால் நண்பன். ஆனால் கூப்பிடுகிற குரலில் அந்தப் பொருள் இருக்காது.

தண்ணீர் லாரி ஓட்டிவந்த ஏமன் நாட்டுப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'அல்லாஹ் யஅதீக்கல் ஆஃபியா' என்று சொல்ல வேண்டும். இறைவன் உனக்கு உடல் நலத்தைத் தரட்டும் என்று பொருள். கேட்டவர் 'அல்லாஹ் யுஆஃபீக்' என்று திருப்பி வாழ்த்துவார். மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் இருந்த காவலாளியிடம் சொன்னேன். அவர் உள்ளூர்க்காரர், வயதானவர், ஆறு வருடமாகத் தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். அவர் எழுந்து நின்று பதில் சொன்னார். அன்றுதான் என் பெயரைக் கேட்டார். அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், குளிர்காலத்தில் அவருடைய காவாவில், அதாவது அரபிக் காப்பியில், எனக்கும் ஒரு கோப்பை இருக்கும்.

எத்தனை வார்த்தை தெரியும் என்பது பெரிய விஷயமில்லை தம்பி. முதலில் எந்த வார்த்தை என்பதைப் பாருங்கள்.

பொருநை எழுதியது:

மேலப்பாளையம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் துருக்கி ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே மாதிரி ஒன்று உண்டு: 'கோலாய் கெல்சின்'. 'எளிதாக வரட்டும்', அதாவது செய்கிற வேலை சிரமமில்லாமல் நடக்கட்டும். கடைக்குள் நுழையும்போது, தெரு பெருக்குகிறவரைத் தாண்டும்போது, பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநரிடம், எங்கும் சொல்லலாம். சமைத்துப் போட்டவரிடம் சொல்ல இன்னொன்று: 'எல்லெரினிஸெ சாலெக்'. 'உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம்.' சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்வதைவிட இது எவ்வளவு அழகு!

நான் அங்கே தனியாகப் போனேன். தனியாகப் போகிற பெண்ணுக்கு மொழி விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை ஆண்கள் எழுதவே மாட்டார்கள். உள்ளூர் மொழியில் சிரித்து நாலு வார்த்தை பேசினால் சிலர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு நாள் அதனாலேயே வாயைத் திறக்காமல் இருந்தேன். தங்கியிருந்த வீட்டு அம்மாதான் வழி சொன்னார். இளம் ஆணிடம் பேச்சைத் தொடங்கும்போதே 'ஆபி' என்று தொடங்கு, அண்ணன் என்று அர்த்தம். வயதானவர் என்றால் 'அம்ஜா'. அது அப்பாவின் சகோதரர். 'தாயெ' என்றால் தாய்மாமன். பெண்களை 'ஆப்லா', 'தெய்ஸெ' என்று கூப்பிடு. அக்கா, சித்தி.

அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அந்த ஆள் அண்ணனாக நடந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார். நம்ம ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரை 'அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்கிறோமே, அதேதான். முறை வைத்துக் கூப்பிடுவது அன்பும்தான், வேலியும்தான்.

ஒசாகா அம்பை எழுதியது:

ஜப்பானில் இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வந்தேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு வேகமாகப் பிடிபடும். 'வத்தாஷி வா ஹோன் ஒ யோமிமாஸ்': நான் புத்தகத்தை வாசிக்கிறேன். 'ஹோன்' புத்தகம், அதன் பின்னால் வரும் 'ஒ' நம்முடைய 'ஐ'. வினை கடைசியில். ஆங்கிலம் வழியாகப் படித்த இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை, தமிழில் நினைத்துப் பேச ஆரம்பித்த வாரமே வாய் திறந்துவிட்டது. துருக்கி மொழியும் கொரிய மொழியும் இதே அமைப்புத்தான். ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் நேரடியாகத் தமிழிலிருந்து போங்கள்.

களக்காட்டுக்காரி எழுதியது:

இவர் வேலை நிமித்தமாக நாங்கள் ஹனோயில் இரண்டு வருடம் இருந்தோம். தம்பி, தொனியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த மொழியில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வியட்நாமியத்தில் 'நான்', 'நீ' என்பவற்றின் இடத்தில் பெரும்பாலும் உறவு முறைதான் நிற்கும். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணிடம் பேசினால் அவர் 'ச்சி', அக்கா. நான் 'எம்', தங்கச்சி. 'அக்காவுக்குத் தங்கச்சி பணம் தருகிறேன்' என்கிற மாதிரித்தான் வாக்கியமே இருக்கும். இதைவிட ஆச்சரியம், நம்மைப் போலவே அவர்களும் பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா 'பாக்', சித்தப்பா 'ச்சூ', அத்தை 'கோ', தாய்மாமன் 'கௌ', சித்தி 'ஸீ', ஆச்சி 'பா'. ஆங்கிலத்தில் ஆச்சியைத் தவிர இத்தனை பேரும் இரண்டே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். என் மாமியார் வந்திருந்தபோது இந்தப் பட்டியலை ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். அவருக்கு அது வேற்று மொழியாகவே படவில்லை, வேறு ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர்கள், அவ்வளவுதான்.

கூப்பிடும்போது பின்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும். 'ஓய்' என்பதற்கும் 'ஆய்' என்பதற்கும் நடுவில் ஒலிக்கும். 'ச்சி ஒய்', 'கோ ஒய்', 'எம் ஒய்'. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் 'என்ன ஓய்' என்பார்களே, வாயை அப்படியே வைத்துக்கொண்டால் சரியாக வந்துவிடும். கடையில் கையைத் தட்டாதீர்கள், 'எக்ஸ்கியூஸ் மீ' வேண்டாம். 'எம் ஒய்' என்றால் பரிமாறுகிற பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு விஷயத்தை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். பழகிய உடனே வயதைக் கேட்பார்கள். மரியாதைக் குறைவு இல்லை. வயது தெரிந்தால்தான் அக்காவா தங்கச்சியா என்று முடிவு செய்ய முடியும், அதற்கு அப்புறம்தான் பேச்சே நகரும். நம்ம ஊரில் 'எந்த ஊரு, யாரு மக?' என்று கேட்காமல் யாராவது பேசுகிறார்களா?

அப்புறம், தெரிந்தவர்களைக் கண்டால் 'டி டௌ?' என்பார்கள். எங்கே போறீங்க என்று அர்த்தம். என் மாமியாருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கிளம்புகிறவர்களிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, 'தூரமா?' என்றுதான் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவர். முதல் தடவை முகம் சுருங்கிப்போனார். அது கேள்வியே இல்லை, நாம் துண்டும் சோப்புமாக ஆற்றுக்குப் போகிறவரைப் பார்த்து 'குளிக்கப் போறியளா?' என்று கேட்பது போலத்தான் என்று விளக்கிச் சொன்ன பிறகு அவரே எல்லாரையும் கேட்க ஆரம்பித்தார்.

சைவத்துக்கு 'அன் ச்சாய்'. இந்த இரண்டு சொல்லையும் அம்மா தூக்கத்திலும் சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுவார்கள், அதனால் இந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. பலகையில் 'ச்சாய்' என்ற எழுத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி மட்டும் என்று கேட்டால் மீன் சாறான 'நுவொக் மாம்' ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. 'அன் ச்சாய்' என்றால் அதுவும் சேராது என்று புரிந்துகொள்வார்கள்.

வள்ளியூர் அண்ணன் சொன்ன மழைக்கும் ஒரு குடை இருக்கிறது: 'நொய் ச்சம்'. பையப் பேசுங்க. நன்றி சொல்வதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுங்கள்.

பாளை வாத்தியார் எழுதியது:

நான் அதிகம் பயணம் போனவன் இல்லை. நம்ம ஊருக்கு வந்தவர்களை வைத்துச் சொல்கிறேன்.

1542இல் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு கடற்கரை ஊர்களில் தெருத்தெருவாகப் போனார். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அங்கே நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர்கள் வந்த நோக்கம் மதம் பரப்புவது, அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் தேரிக்காட்டு வெயிலில் நம்ம சனங்கள் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதற்கு மொழி ஒரு பெரிய காரணம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். வண்ணார்பேட்டையில் நான் சாயங்காலம் டீ குடிக்கிற கடையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் வேலை செய்கிறான். வந்த புதிதில் யாரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், கை காட்டி டீ வாங்குவார்கள். மூன்றாவது மாதம் என்னைப் பார்த்ததும், 'அண்ணாச்சி, சீனி கம்மியாத்தான?' என்றான். 'அண்ணா' இல்லை, 'சார்' இல்லை. அண்ணாச்சி. சர்க்கரை என்றுகூடச் சொல்லவில்லை, சீனி. அன்றைக்குத்தான் எனக்கு அவன் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்கத் தோன்றியது. மூன்று மாதம் கேட்காமல் இருந்தது என் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டில் நம் வாயிலிருந்து அவர்கள் சொல் வரும்போது அங்கிருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை நான் இந்தப் பையனை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

கடையநல்லூர்ப் பேரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் பதிவைப் படித்து மனம் நெகிழ்ந்துவிட்டது.

எங்கள் தாத்தா கப்பலேறி சிங்கப்பூர் போனவர். கடையநல்லூர், தென்காசி ஆட்கள் அந்தக் காலத்தில் தஞ்சோங் பகார் பக்கம் கூட்டமாக இருந்தார்கள். தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, மலாய் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. மலாயில் பாதி நம்ம சொல்தான் என்பார். பாதி என்பது அவருடைய பாசம். ஆனால் கடை அங்கே 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', குளம் 'கோலாம்', வியாபாரத்துக்குப் போடுகிற முதல் 'மொடால்', கப்பலும் கூலியும் அப்படியே. நன்றிக்கு 'தெரிமா காசே'. 'தெரிமா' பெற்றுக்கொள்வது, 'காசே' அன்பு. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கும் அன்பைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிற சனம்.

நான் மலேசியா போனபோது தாத்தா சொல்லிக்கொடுத்த ஒன்றைத்தான் அதிகம் பயன்படுத்தினேன். 'சுடா மாக்கான்?' சாப்பிட்டாச்சா? பினாங்கில் வாடகைக் கார் ஓட்டிய மலாய்ப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். இல்லை என்றார். இருவருமாகப் போய்ச் சாப்பிட்டோம். அங்கே நம்ம தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பெயர், பரிமாறுகிறவரை மலாய்க்காரர்களும் சீனர்களும் 'அனே' என்று கூப்பிடுகிறார்கள். நம்ம அண்ணே. அந்தப் பெரியவரும் அப்படித்தான் கூப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவே நேரமாயிற்று.

வள்ளியூர்க் காற்று எழுதியது:

களக்காட்டு அக்கா, 'பையப் பேசுங்க' என்பதை நான் ஜெர்மன் மொழியில் கற்றுக்கொள்ளவே இல்லை. உண்மையிலேயே அது தோன்றவில்லை. அடுத்த தடவை அதிலிருந்துதான் தொடங்குவேன். ஆனால் தம்பி, மருந்து, காவல் நிலையம், விமானம் என்று வந்தால் செயலியை எடுங்கள். அங்கே உறவு முறை உதவாது. அம்மாவின் மாத்திரைப் பெயர்களை வியட்நாமிய மொழியில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிரகுளத்தான் எழுதியது:

போய்விட்டு வந்தாயிற்று. இரண்டு நாளாக எழுத நினைத்து இன்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் வள்ளியூர் அண்ணாச்சிக்கு நன்றி. ஹனோயில் இரண்டாம் நாள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் நீங்கள் எழுதி வைக்கச் சொன்ன தாளும் செயலியும்தான் காப்பாற்றின. அந்த இடத்தில் நான் அரைகுறையாகப் பேசியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

ஆனால் மற்ற இடங்களில் போனை நீட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அம்மாவும் எதிரில் இருப்பவரும் போனையே பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அது பேசி முடித்ததும் இருவரும் தலையாட்டிவிட்டு விலகிவிடுகிறார்கள். மூன்றாவது நாள் அம்மாவே 'அதை உள்ள வையி' என்று சொல்லிவிட்டார்.

'ச்சி' என்று கூப்பிட அம்மாவுக்கு முதலில் நாக்கு வரவில்லை. ஒரு பொம்பளையைப் பார்த்து 'ச்சீ' என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினார். தொனியைக் கீழே இறக்கி வெட்டிச் சொல்ல வேண்டும் என்று தங்கியிருந்த விடுதியின் பெண் பத்து தடவை சொல்லிக் காட்டிய பிறகு பிடித்துக்கொண்டார்.

ஹோய் ஆனில் ஆற்றை ஒட்டி ஒரு சந்தை இருக்கிறது. காலையில் கீரைக்காரர்கள் உட்காரும் பக்கம் அம்மா நேராகப் போய் ஓர் அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாங்க ஒன்றும் இல்லை, சமைக்க இடமும் இல்லை. கட்டுக்கட்டாக இருந்த கொத்தமல்லியை மோந்து பார்த்தார். அந்த அம்மா ஏதோ கேட்டார். 'நொய் ச்சம்' என்றார் அம்மா. அவர் நிறுத்தி, அம்மாவைச் சுட்டிக் காட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். வயது! அம்மா ஆறு விரலும் அப்புறம் மூன்று விரலும் காட்டினார். அவர் ஆறும் ஒன்றும் காட்டினார். 61. இரண்டு வயது சின்னவர். அம்மா உடனே 'எம் ஒய்' என்றார். அந்த அம்மா 'ச்சொய் ஒய்!' என்று கூவிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். வானமே என்று அர்த்தமாம், நம்ம 'ஐயோ கடவுளே' மாதிரி. அதற்கப்புறம் அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னதெல்லாம் 'ச்சி' என்றுதான் தொடங்கியது.

அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். அம்மா தமிழில், அவர் வியட்நாமியத்தில், நடுவில் அக்கா, தங்கச்சி. அவருக்கு இரண்டு மகன், ஒருவன் சைகோனில் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) வேலை பார்க்கிறான் என்று அம்மா அப்புறம் எனக்குச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், 'அவ சொன்னாள்லா' என்றார். கிளம்பும்போது வாழைப்பழச் சீப்பு ஒன்று வாங்கினோம், கொசுறாக ஒரு பிடி கீரையை அம்மாவின் பையில் அமுக்கி வைத்தார். அதை அறையில் ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு ஊர் கிளம்பும்வரை வைத்திருந்தார் அம்மா.

ஹோ சி மின் நகரத்தில் நம்ம ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். அங்கே கும்பிட்டவர்களில் நாங்கள் பார்த்த முக்கால்வாசிப் பேர் வியட்நாம்காரர்கள். வரிசையில் முன்னால் நின்ற கிழவியை அம்மா 'பா ஒய்' என்று கூப்பிட்டு முதலில் கும்பிடச் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகச் சொன்னதுதான்.

களக்காட்டு அக்கா, உங்களிடம் ஓர் உதவி. அந்தக் கீரைக்காரத் தங்கச்சிக்குப் பத்தமடைப் பாய் ஒன்று அனுப்ப வேண்டும் என்று அம்மா தினமும் கேட்கிறார். அவர் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருக்கிறார், கடைக்கு எண் எதுவும் இல்லை. ஹோய் ஆன் சந்தை என்று மட்டும் போட்டால் போய்ச் சேருமா? உள்ளே வைக்கிற சீட்டில் 'தங்கச்சிக்கு அக்கா அனுப்பியது' என்பதை அவர்கள் மொழியில் எப்படி எழுதணும்?